உள்ளே இருட்டான பழைய காருக்குக் கொஞ்சம் வெளிச்சம்

வாசகத் தம்பி ஒருவர் எங்களுக்கு எழுதியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் சேர்த்த காசில், 1990களில் வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கியிருக்கிறாராம். வெளியே நல்ல சிவப்பு. உள்ளே இருக்கை, கதவு, கூரை, தரை எல்லாமே கறுப்பு. அம்மாவை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனபோது, "தம்பி, இது என்ன கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டாராம். நிறம் மாறும் எல்.ஈ.டி. பட்டிகளை உள்ளே ஒட்டினால் சரியாகுமா என்பதே கேள்வி.

எல்.ஈ.டி. பட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் கார் ஏன் இருட்டாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எம்.எக்ஸ்-5இன் முதல் தலைமுறை 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1990இல் பிரித்தானியாவுக்கு வந்தது. 1997 வரை 4 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1960களின் எம்.ஜி., லோட்டஸ் எலான் போன்ற திறந்த கூரைக் கார்களை மனதில் வைத்து வடிவமைத்த கார் அது. கூரையை மடக்கிவிட்டு ஓடுவதற்கான காரில் உள்ளே கறுப்பாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது. மேலே வானம் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். வருடத்தில் பாதி நாள் அந்தக் கூரை மூடியபடிதான் கிடக்கும். மூடினால் வெளிச்சம் வரும் வழி முன்கண்ணாடி, இரண்டு பக்கக் கண்ணாடிகள், பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், அவ்வளவுதான். அந்தப் பிளாஸ்டிக் வருடங்கள் போகப் போக மஞ்சளாகி, பனி மூட்டம் போலாகிவிடும்.

ஆகவே முதல் வேலை அங்கேதான். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பொலிஷ் வாங்கி, மென்மையான துணியால் பொறுமையாகத் தேய்த்துப் பாருங்கள். மங்கல் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் நன்றாகத் தெளியும். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கண்ணாடி ஜன்னல் வைத்த கூரை வந்தது. அந்த வகைக் கூரையை முதல் தலைமுறைக் காருக்கும் பொருத்துகிறார்கள். பழுப்பு நிறத் துணிக் கூரைகளும் கிடைக்கின்றன. ஆனால் வாங்குமுன் உட்புற நிறத்தைக் கேளுங்கள். வெளியே பழுப்பாக இருந்தும் உள்ளே கறுப்பாக இருப்பவை உண்டு, அதை வாங்கி என்ன பயன்? பிளாஸ்டிக் ஜன்னலையே வைத்திருப்பவர்கள் கூரையை மடக்குமுன் ஜன்னலின் சிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவிட வேண்டும். குளிர்காலக் காலையில் மடக்கவே வேண்டாம். விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் வெடித்துவிடும்.

அடுத்தது நிறம். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்: டாஷ்போர்டின் மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். அது கறுப்பாக, மினுக்கமில்லாமல் இருப்பது காசை மிச்சம் பிடிக்க அல்ல. வெயில் அடிக்கும்போது ஒரு வெள்ளை ஏ4 தாளை டாஷ்போர்டின் மேல் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்து பாருங்கள். அந்தத் தாள் அப்படியே முன்கண்ணாடியில் தெரியும், அதற்குப் பின்னால் உள்ள தெரு மங்கிவிடும். மேல்பக்கத்தைக் கிறீம் நிறமாக்கினால் வெயில் நாள் முழுக்க அந்தத் தாளுக்குள்ளால்தான் தெருவைப் பார்ப்பீர்கள். குறுக்கே வரும் சைக்கிள்காரரும் அதற்குள்தான் மறைவார். பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கன் ஸ்பிரேயும் இதே வேலையைத்தான் செய்யும். அதை ஸ்ரியரிங்கிலும் பெடலிலும் அடித்தால் வழுக்கும், அது இன்னும் ஆபத்து.

நிறம் வைக்க நல்ல இடம் இருக்கைகளும் கதவுகளும். இதில் மஸ்டாவே வழி காட்டியிருக்கிறது. 1990இல் ஜப்பானில் வந்த வி-ஸ்பெஷல் என்ற வகையில் பச்சை உடலுக்குப் பழுப்பு லெதர் இருக்கையும், நார்டி மரச் ஸ்ரியரிங்கும் கொடுத்தார்கள். 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் கதவின் உட்புற மேல்விளிம்புக்குக் காரின் வெளி நிறத்தையே கொண்டுவந்தார்கள். வெளி நிறம் உள்ளே நீண்டு வருவது போலத் தெரிவதால் இடமே அகன்றுவிடும். எங்கள் அபிப்பிராயம், இருக்கை முதலில், கதவு இரண்டாவது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று வரும் வட்டத் துவாரங்களுக்கும் மீற்றர்களுக்கும் வெள்ளி வளையம் போடுவது சின்ன வேலை, அழகான வேலை. ஆனால் இருக்கை சிவப்பு, கதவு கிறீம், கியர் பெட்டி நீலம் என்று போனால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும்.

இருக்கைக்குப் புது உறை வாங்கும்போது, அந்த மொடலுக்கென்றே தைத்ததை வாங்குங்கள். பிற்காலக் கார்களில் இருக்கையின் பக்கத்திலேயே காற்றுப்பை இருக்கும். அதற்குப் பொருந்தாத உறை போட்டால் விபத்தின்போது பை விரிய வழியிருக்காது.

கதவின் வைனைலுக்கு நிறம் பூசலாம். இதற்கென்று விற்கும் வைனைல் பூச்சையே வாங்குங்கள், சுவருக்கு அடிக்கும் பெயின்ற் உரிந்துவிடும். வெற்றியெல்லாம் கழுவுவதில் இருக்கிறது. முப்பது வருடத்துக் கைப்படிவும் பொலிஷும் அதில் ஊறியிருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோபைல் அற்கஹோலால் துடைத்து, பிறகு மிக மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழிந்து தோலில் கோடு விழும். ஜனவரியில் குளிர்ந்த கராஜுக்குள் வைத்து இதைச் செய்யாதீர்கள், பூச்சு ஒழுங்காகக் காயாது. மே, ஜூன் வரட்டும். கதவைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுச் செய்யுங்கள். இந்தக் காரின் கதவு உறைக்கு உள்ளே இருப்பது அழுத்திய மரநார் அட்டை. ஈரம் பட்டால் அது வளையும், அதனால் கழுவும்போது தண்ணீரை ஊற்றாமல் துணியால் துடையுங்கள்.

தரைக் கார்பெற்றை வெளிர் நிறமாக்கப் பலருக்கு ஆசை. எங்களுக்கு அதில் மனமில்லை. இந்த நாட்டுச் சேற்றுக்கு வெளிர்க் கார்பெற் ஒரு மாதம் தாங்காது. சாம்பல் நிறக் கால்மிதி போதும். ஆனாலும் கார்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால், இருக்கைக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் இறங்கும் துவாரங்கள் அடைபட்டிருக்கக்கூடும். இந்த மொடலின் பெரிய வியாதியே அதுதான். தண்ணீர் தேங்கிப் பின்பக்கச் சில்லுக்கு முன்னால் உள்ள அடிச்சட்டம் துருப்பிடிக்கும். புல்வெட்டியின் பிளாஸ்டிக் நூல் போன்ற வளையும் ஒன்றை விட்டு அடைப்பை எடுங்கள். கூரான கம்பி வேண்டாம், உள்ளே உள்ள குழாயைக் கிழித்துவிடும். துருவைப் பார்க்காமல் இருக்கைக்கு லெதர் போடுவது, ஒழுகும் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது போல.

இப்போது விளக்குக்கு வருவோம். கதவு திறந்தால் எரியும் மின்குமிழ் அநேகமாக 5 வாற் இழை விளக்கு. அதே அளவில் வெதுவெதுப்பான வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றைப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். போட்டும் எரியவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், எல்.ஈ.டி.க்கு நேர், எதிர் முனை உண்டு. கால்வைக்கும் இடத்தில் இரண்டு சிறிய விளக்குகள் வைத்தால் விழுந்த ஹாண்ட்பாக்கைத் தேடித் தடவ வேண்டியதில்லை. ஆனால் கதவு விளக்கோடு சேர்த்து இணையுங்கள், கதவை மூடியதும் அவையும் அணைய வேண்டும். தனியாக ஒரு சிறிய பியூஸ் போட்டு, வயர்களைப் பெடல் பக்கம் தொங்காமல் கட்டுங்கள்.

மீற்றருக்குப் பின்னால் உள்ள எல்லாக் குமிழ்களையும் ஒரேயடியாக மாற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பற்றரிப் படம் போட்ட சிவப்பு எச்சரிக்கை விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பல பழைய கார்களில் அந்த இழை விளக்கின் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஒல்டனேற்றரை வேலை தொடங்க வைக்கிறது. எல்.ஈ.டி. போட்டால் பற்றரிக்கு மின் ஏறாமல் போகலாம்.

தம்பி கேட்ட நிறம் மாறும் பட்டிக்கு எங்கள் பதில், ஓடும்போது வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கீழிருந்து நீலமோ ஊதாவோ அடித்தால், வெளியே கறுப்புக் கோட்டோடு தெருவைக் கடப்பவரைக் காண்பது கடினமாகும். முன்கண்ணாடியிலும் அந்த நிறம் விழும்.

மரச் ஸ்ரியரிங் வாங்கும் ஆசை உள்ளவர்கள், உங்கள் ஸ்ரியரிங்கில் காற்றுப்பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வீட்டில் கழற்ற வேண்டாம், அதன் மூடிக்கு நிறமும் பூச வேண்டாம். காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருந்தால் எம்.ஓ.டி. பரிசோதனையிலும் கார் தோற்கும்.

கடைசியாக ஒன்று, இது பெற்றோருக்கும். ஸ்ரியரிங், இருக்கை போன்ற மாற்றங்களைச் செய்யுமுன் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கட்டணம் கூடாமலும் போகலாம். ஆனால் மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டபோது மறைத்திருந்தால், விபத்துக்குப் பின் நட்டஈடு குறையலாம், மறுக்கவும் படலாம். மகன் தினமும் ஓட்டும் காரை அப்பாவே பிரதான சாரதி என்று பதிவதும் இதே வில்லங்கம்தான்.

கழற்றிய கறுப்பு உறைகளையும் பழைய ஸ்ரியரிங்கையும் எறியாமல், ஒரு பெட்டியில் போட்டு லொஃப்டில் வையுங்கள். இந்தக் கார்களை வாங்க வருகிறவர்களில் பலர், அசல் சாமான்கள் இருக்கிறதா என்று கேட்பார்கள்.