பருவச்சீட்டு எல்லாப் பஸ்ஸிலும் செல்ல வேண்டும்

பருத்தித்துறை வீதியில், கோப்பாய்ச் சந்தியில் காலையில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காக நிற்கும் மாணவிக்கு எல்லாப் பஸ்ஸும் பஸ் அல்ல. அவள் கையிலுள்ள பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸில் மட்டுமே செல்லும். முதலில் தனியார் பஸ் வந்தால் காசு கொடுத்து ஏற வேண்டும். இல்லையேல் அடுத்த சிவப்பு பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாடசாலை மணி காத்திருப்பதில்லை.

தனியார் பஸ்காரரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. பருவச்சீட்டில் மாணவர் செலுத்துவது கட்டணத்தின் ஒரு பகுதியே. சலுகைக்கான மீதியை அரசாங்கம் போக்குவரத்துச் சபைக்குக் கொடுக்கிறது. தனியாருக்கு அப்படி ஒரு கொடுப்பனவு இல்லை. அன்றாட வசூலில் டீசலும் சம்பளமும் பார்ப்பவர் பருவச்சீட்டை எப்படி ஏற்பார்?

1958 இல் பஸ் சேவை தேசியமயமானது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. வீதியில் இரண்டு வகைப் பஸ்களும் ஓடத் தொடங்கிய பின்னரும், சீட்டு ஒரு வகைக்கே உரியதாக நின்றுவிட்டது. அதை மாற்ற முடியும் என்பதே என் கருத்து. 2005 இல் தொடங்கிய ‘சிசு சரிய’ பாடசாலைச் சேவையில் தனியார் பஸ்களும் அரச கொடுப்பனவுடன் ஓடுகின்றன. அதே வழியைப் பருவச்சீட்டுக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு பயணமும் பதிவாகும் இலத்திரனியல் அட்டையைக் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் தெளிவாக இருக்கும்.

அந்த அட்டை ஒரு கல்வியாண்டு முழுவதற்கும் செல்ல வேண்டும். வியன்னா நகரம் 2012 இல் ஆண்டுச் சீட்டின் விலையை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாகக் குறைத்தது. அப்போது நாளுக்கு ஒரு யூரோ. மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சீட்டு. நமக்கு மெட்ரோ வேண்டாம். இரண்டு வகைப் பஸ்ஸுக்கும் ஒரு சீட்டு போதும்.

“செலவை யார் தாங்குவது?” என்று கேட்கலாம். இப்போது அதை வீடுகள் தாங்குகின்றன. மாலை வகுப்பு முடிந்து மகள் இருட்டுமுன் வருவாளா என்று உம்மா வாசலைப் பார்த்து நிற்பதும், தினமும் பஸ் காசு தேடி வாப்பா அலைவதும் அந்தச் செலவுதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை, பயணத்தை எண்ணி அருகிலுள்ள பாடசாலையில் இருக்கும் பாடத்தோடு நின்றுவிட்டால் அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

கல்வி தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்கிறோம். இலவசக் கல்வி என்றும் பெருமைப்படுகிறோம். பாடசாலை வாசல்வரை போய்ச் சேரும் வழியும் அந்தக் கல்வியின் ஒரு பங்குதான். பெற்றோர் கூட்டங்களில் கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் கோரிக்கை வைக்கும்போது, இந்தச் சீட்டுக்கும் ஒரு கோரிக்கை வையுங்கள்.