கப்பல் சர்டிபிகேட்டை யாரும் "எடுத்துத் தர" முடியாதுங்க

திருப்பூர்ல அதிகம் புழங்குற வார்த்தை எதுன்னு கேட்டா பனியன்னு சொல்லுவீங்க. எனக்கென்னவோ "எடுத்துத் தரேன்"தான்னு தோணுது. லைசென்ஸ் எடுத்துத் தரேன், பட்டா எடுத்துத் தரேன், ஆடிட் சர்டிபிகேட் எடுத்துத் தரேன். காதர்பேட்டையில ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு பேர் வாயில இதைக் கேட்டுடலாம். இப்போ புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு: கப்பல் சர்டிபிகேட் எடுத்துத் தரேன்.

எங்க பங்காளி வகையில ஒரு அண்ணன். பேர் வேண்டாம். காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிச்ச சரக்கை வாங்கி விக்கறவர், ஊர்ல கொஞ்சம் தோப்பும் இருந்துச்சு. பையன் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஒரு நிட்டிங் கம்பெனியில ஃபிட்டர் வேலை பார்த்துட்டிருந்தான். கடைக்கு வந்துபோன ஒரு ஏஜென்ட் சொன்னது இதுதான்: "மெரைன் இன்ஜின் சர்வேயர், 6 மாச கோர்ஸ், சர்டிபிகேட் கையில, சிங்கப்பூர்ல வேலை." அண்ணன் 40 சென்ட் பூமியை வித்து 6 லட்சம் கட்டினார். வந்தது நங்கூரம் படம் போட்டு லேமினேட் பண்ணின ஒரு காகிதம்.

வெண்டைக்காய் விக்கறவனுக்குக் கப்பலைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க. அந்தக் காகிதத்தை எடுத்துட்டு அவர்கூட சென்னைக்கு அலைஞ்சவன் நான். விசாரிச்சதைத்தான் எழுதறேன்.

நம்ம நாட்டுல கப்பல் இன்ஜினைப் பார்த்துட்டு, சட்டத்துல செல்லுபடியாகற மாதிரி கையெழுத்துப் போடறவங்க மூணு வகைதான். ஒண்ணு, அரசாங்க சர்வேயர். டி.ஜி. ஷிப்பிங்குக்குக் கீழே வர்ற மெர்க்கன்டைல் மெரைன் டிபார்ட்மென்ட்ல இருப்பாங்க, யு.பி.எஸ்.சி. மூலமா எடுக்கறாங்க. ரெண்டாவது, கிளாஸ் சொசைட்டி சர்வேயர். நம்ம இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் 1975ல ஆரம்பிச்சது அந்த வகை. மூணாவது, இன்சூரன்ஸ் சர்வேயர். 1938ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்துல 64யுஎம்னு ஒரு பிரிவு இருக்கு. நஷ்டம் ஒரு அளவைத் தாண்டினா, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. லைசென்ஸ் வச்ச சர்வேயர் பார்த்து எழுதினாத்தான் கம்பெனி பணம் தரும். அந்த லைசென்ஸுக்கும் படிப்பு, சீனியர் சர்வேயர்கிட்ட பயிற்சி, பரீட்சைன்னு வரிசையா இருக்கு. வெளிநாட்டுல தபால் வழியில மெரைன் சர்வே டிப்ளமா படிக்கலாம், பொய்யில்லை. அதுல அறிவு வரும். இங்க இந்த மூணு நாற்காலியில உட்கார உரிமை வராது.

அந்த அரசாங்க நாற்காலிக்கு என்ன கேட்கறாங்க தெரியுங்களா? எம்.இ.ஓ. கிளாஸ் 1. அதாவது கப்பல்ல சீஃப் இன்ஜினியரா போற தகுதி, அதுக்கு மேல அனுபவம். கிளாஸ் 1 வேணும்னா முதல்ல கிளாஸ் 2, அதுக்கு முன்னாடி கிளாஸ் 4. ஒவ்வொரு படிக்கும் நடுவுல மாசக்கணக்குல கடல்ல வேலை செஞ்சிருக்கணும், எழுத்துப் பரீட்சை எழுதணும், அப்புறம் எதிர்ல உட்கார்ந்து சர்வேயர் கேட்கற கேள்விக்கு வாயால பதில் சொல்லணும். கிளாஸ் 4க்கு முன்னாடியே கண் பார்வை, நிறக்குருடு டெஸ்ட், சி.டி.சி. புத்தகம், இன்டோஸ் நம்பர். எவ்வளவு வேகமா ஏறினாலும் வருஷங்கள் ஓடிடும். இதையா 6 மாசத்துல எடுத்துத் தர்றான்?

வயிறு எரியறது எங்கன்னா, இந்தப் பையன் பி.இ. மெக்கானிக்கல். அவனுக்கு நேர்வழியே இருந்துச்சு. டி.ஜி. ஷிப்பிங் அங்கீகாரம் கொடுத்த கல்லூரியில ஒரு வருஷ ஜி.எம்.இ. கோர்ஸ். ஏறக்குறைய அதே காசு. முடிச்சாலும் ஜூனியரா ஏற ஒரு கப்பல் கிடைக்கறது லேசில்ல, அது வேற அழுகை. ஆனா அந்தக் காகிதம் உண்மையான காகிதமா இருந்திருக்கும்.

இதை நான் பேஸ்புக்ல சுருக்கமா எழுதினப்போ, சென்னை நண்பர் ஒருத்தர் "பேராசை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். இல்லீங்க சார். திருப்பூரை வளர்த்ததே சர்டிபிகேட் கேட்காத பழக்கம்தான். எட்டாவதோட நின்னவன் கை மடிக்கப் போய், டெய்லராகி, கான்ட்ராக்ட் எடுத்து, கம்பெனி வச்சிருக்கான். அவன் வாழ்க்கையில சர்டிபிகேட்ங்கறது வெளிநாட்டு பையருக்காகக் கன்சல்டன்ட்கிட்ட பணம் கட்டி வாங்கி, ரிசப்ஷன்ல மாட்டற சட்டம். அது வேலை தெரியும்ங்கறதுக்கு அடையாளம்னு இந்த ஊர் அவனுக்குக் காட்டவே இல்லை. அதனால கப்பல் சர்டிபிகேட்டும் அப்படித்தான்னு நம்பிட்டான். இதுல பேராசை எங்க இருக்கு?

காகிதம் மட்டும் சரியா இருந்தா என்ன ஆகும்னு நொய்யல் கரையில விவசாயம் பண்றவங்களைக் கேளுங்க. சாயப்பட்டறைகளுக்கு அனுமதி, சுத்திகரிப்பு எல்லாம் காகிதத்துல இருந்துச்சு. ஒரத்துப்பாளையம் அணைக்கு வந்தது சாயத்தண்ணி. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டு வாசல்ல வருஷக்கணக்கா நின்ன பிறகுதான், 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. (அந்தத் தோட்டங்களோட மண்ணு உப்பைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.)

கப்பல்லயும் அதே கதைதான், விலை மட்டும் பெருசு. 2024 மார்ச் 26 அமெரிக்காவுல பால்டிமோர் பாலத்துல மோதின டாலி கப்பல் ஞாபகம் இருக்குங்களா? கப்பல்ல இருந்தவங்க பெரும்பாலும் நம்ம இந்தியப் பசங்க. கரன்ட் போச்சு, கப்பல் கட்டுப்பாட்டுல இல்லை, பாலத்து மேல ரோட்டு வேலை பார்த்துட்டிருந்த 6 பேர் செத்துப்போனாங்க. அந்த நாட்டு விசாரணைக்குழு கடைசியில கண்டுபிடிச்சது, லூஸா இருந்த ஒரு ஒயர். ஒயர் முனையில மாட்டின லேபிள் இடைஞ்சலா நின்னு, ஒயர் முழுசா உள்ள போய் உட்காரல. லேபிள்! திருப்பூர்க்காரனுக்கு இது புரியாமப் போகுமா? ஆயிரக்கணக்கான ஒயர்ல அந்த மாதிரி ஒண்ணைத் தேடிப் பிடிக்கற கண்ணு நங்கூரம் படம் போட்ட காகிதத்துல வராதுங்க.

அரசாங்கத்தையும் விடறதுக்கில்லை. இந்தியன் மாரிடைம் யுனிவர்சிட்டி 2008ல ஆரம்பிச்சாங்க, தலைமையகம் சென்னையிலதான். எங்க தாலூகாவுல இன்ஜினியரிங் முடிச்ச பத்துப் பேரைக் கேட்டேன், பேர் கேள்விப்பட்டவன் ஒருத்தன். டி.ஜி. ஷிப்பிங் வெப்சைட்ல எல்லா விவரமும் இருக்கு, எல்லாம் சர்க்குலர் இங்கிலீஷ். அதை அந்த அண்ணன் எப்படிப் படிப்பார்? ஏஜென்ட் நல்ல தமிழ்ல பேசறான், டீ வாங்கித் தர்றான். கலெக்டர் ஆபீஸ் வேலைவாய்ப்பு முகாம்ல பனியன் கம்பெனி ஸ்டாலுக்குப் பக்கத்துல ஒரு மேஜை போட்டு, தமிழ்ல நாலு பக்கம் அச்சடிச்சு வச்சா என்ன குறைஞ்சுபோகும்?

அதுவரைக்கும், இதைப் படிக்கற நீங்க உங்க ஊர்ப் பக்கம் போறப்போ சொல்லிட்டு வாங்க. கோர்ஸ்னா, அந்தக் கல்லூரி பேர் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகாரப் பட்டியல்ல இருக்கான்னு பார்க்கணும். வேலைன்னா, அந்த ஆபீஸுக்கு ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் நம்பர் இருக்கணும். அந்த லைசென்ஸ் வச்சவன் வேலைக்காக மாலுமிகிட்ட கமிஷன் வாங்கவே கூடாது. 2016 விதியும் அதான், இந்தியா 2015ல ஏத்துக்கிட்ட உலகக் கடல் தொழிலாளர் ஒப்பந்தமும் அதான். கேட்டான்னாலே குத்தம்.

அண்ணன் போலீஸ்ல புகார் கொடுத்திருக்கார். பையன் மறுபடியும் நிட்டிங் கம்பெனிக்குப் போறான். ஜி.எம்.இ. விண்ணப்பம் வாங்கி வச்சிருக்கான், மீதி இருக்கற தோப்பை அடமானம் வைக்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடிட்டிருக்கு. ஏஜென்ட் ஆபீஸ் இன்னமும் திறந்துதான் இருக்குங்க.