பேப்பர் வெயிட் ஆன கடல்!

ஜியாலஜி படிக்கிற நம்ம நண்பன் ஒருத்தன், பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக்கு டூர் போய், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். பேரு அம்மோனைட். கணவாய், ஆக்டோபஸுக்கெல்லாம் பங்காளி. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே கடல் இருந்தப்போ ஜாலியா நீந்தின பார்ட்டி. இப்போ ஹாஸ்டல்ல அவனோட நோட்ஸ் பறக்காம பார்த்துக்குது!

"மச்சி, இது புது இனமா இருந்தா?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி.

1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இப்படித்தான் கல் பொறுக்கினார்கள். லண்டனில் அவற்றை ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், 1846-ல் புது அம்மோனைட்களுக்கு வைத்த பேர்களைக் கேளுங்க: இந்திரா, வருணா, பிரம்மா! கே பேரிலும் ஒண்ணு உண்டு. 'இந்திரா' பிற்பாடு தென்னாப்பிரிக்காவிலும் கனடாவிலும் கிடைச்சது. அங்கேயும் அதே பேருதான்!

அடுத்து வந்தவர் ஸ்டோலிச்கா. 1862-ல் கொல்கத்தா வந்து, நம்ம ஊர் சிப்பி, சங்கு, அம்மோனைட்களைப் பற்றி வால்யூம் வால்யூமா எழுதினார். 1874-ல் லடாக் பயணத்தில் இறந்தப்போ வயசு 36தான்.

புது இனம்னு சொல்றது லேசில்லை பாஸ். குறுக்களவு, நடுக்குழி, மேலே ஓடும் வரிகள், உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொடுற இடத்தில் நெளியும் கோடு... எல்லாத்தையும் அளக்கணும், எண்ணணும், வரையணும். தெரிந்த இனங்களோட ஒப்பிடணும். எதிலும் சேரலைன்னாதான் புதுப் பேர். அந்தப் பேருக்குச் சாட்சியா ஒரே ஒரு கல்லுக்கு 'ஹோலோடைப்'னு பட்டம் கட்டி, நம்பர் போட்டு, மியூசியத்தில் வைக்கணும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.

எல்லாத்துக்கும் முதல் கேள்வி: எந்த இடம், எந்த அடுக்கு? அடுக்கு தெரிஞ்சாதான் வயசு தெரியும்.

நண்பனைக் கேட்டேன். தலையைச் சொறிஞ்சான். "ஏதோ ஒரு மேடுடா..."

போச்சு! அது புது இனமாவே இருந்தாலும், சொந்த ஊர் தெரியாத கல்லை வெச்சு என்ன பண்றது?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனா, கண்ணில் பட்டதைப் பைக்குள்ள போடாதீங்க. பக்கத்தில் ஒரு பேனாவை வெச்சு போட்டோ எடுங்க. ஜி.பி.எஸ்., மண் நிறம், தேதி குறிச்சு உங்க புரொஃபசர்கிட்ட காட்டுங்க. கல் அங்கேயே இருக்கட்டும்.

நம்ம ஆளு மறுபடியும் காரைக்குக் கிளம்பிட்டான். இந்தத் தடவை நோட்டும் பேனாவும் மட்டும்தான்!