சாட்சி சொல்பவர் யார் பக்கம்?

"வெளிநாட்டு மனித உரிமைக்காரர் ஒரு பக்கத்துக்குத்தான் பேசுவார்கள்." இதனை அமைச்சர்மாரின் மேடைகளிலும் கேட்கிறோம், இடம்பெயர்ந்த நம் குடும்பங்களின் நடுவிலும் கேட்கிறோம். இதில் எவ்வளவு உண்மை உண்டு?

மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1978 இல் சோவியத் அணி நாடுகளைக் கவனிக்கவென நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. அதனால் மேற்குலகின் கருவி எனப்பட்டது. 1980களில் மத்திய அமெரிக்காவில் அமெரிக்கா ஆதரித்த அரசுகளைக் கண்டித்தபோது இடதுசாரி எனப்பட்டது. இஸ்ரேல் விடயத்தில் அது நியாயம் தவறிவிட்டதென அதன் நிறுவனர் ரொபர்ட் பேர்ன்ஸ்டைனே 2009 இல் பகிரங்கமாக எழுதினார்.

பிழைகளும் நேர்ந்துள்ளன. குவைத்தில் ஈராக்கியப் படையினர் 300க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைச் சாகவிட்டனர் என்ற செய்தியைச் சர்வதேச மன்னிப்புச் சபை 1990 டிசெம்பரில் வெளியிட்டது. ஆதாரமில்லையென 1991 இல் அதுவே திருத்தியது. ஆனால் அதற்குள் அச்செய்தி யுத்தத்துக்கு ஆதரவு திரட்டப் பயன்பட்டுவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2008 டிசெம்பரில் கண்காணிப்பகம் வன்னி பற்றி இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று, புலிகள் மக்களை வெளியேற விடாததையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் சொன்னது. மற்றது, தப்பி வந்தவர்களை அரசு முகாம்களில் அடைத்து வைத்ததைச் சொன்னது. முதலாவது நம்மிற் சிலருக்குக் கசந்தது. இரண்டாவது அரசுக்குக் கசந்தது. 2018 இல் படையினர் வசமுள்ள காணிகள் பற்றி அதே அமைப்பு எழுதியபோது நாம் மகிழ்ந்தோம். நமக்குச் சாதகமானால் உண்மை, பாதகமானால் பக்கச்சார்பு என்பது நியாயமாகுமா?

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிலும் வயலையும் கிணற்றையும் விட்டுச் சென்றவர்கள் உண்டு. அவர்களின் முறைப்பாட்டைக் கேட்க நம் காது திறந்திராவிட்டால், மற்றவரிடம் நடுநிலை கேட்க நமக்கு வாயில்லை.

எனது கருத்தில், இவ்வமைப்புகளின் பெருங்குறை வேறு. ஆங்கிலம் தெரிந்தவரின் குரலும், வாகனம் போகக்கூடிய ஊரின் துயரமுமே அவற்றை இலகுவில் எட்டுகின்றன. குளத்துக்கு அப்பால் கமம் செய்தவரின் இழப்பு எழுதப்படாமலே போகிறது. இதைத் திருத்த அவர்களை மட்டும் நம்பியிருக்கலாகாது.

ஆகவே அன்பர்களே, ஒரு கொப்பி எடுங்கள். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் விபரம், வயலின் எல்லைகள், இழந்த மாடுகள், வெளியேறிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். தீங்கு செய்தவர் நம்மவரானாலும் மறைக்காதீர்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை துன்பப்பட்டவருக்கும் உரியதே. அப்படி எழுதிய சாட்சியத்தைப் பக்கச்சார்பு என்று தள்ளிவிடுவது எவருக்கும் எளிதாயிராது.