பாட்டியின் குரலுக்கு எந்த மென்பொருள்?



பாடகர் குழுவிலுள்ள வாலிபர்கள் அண்மைக்காலமாக என்னிடம் அதிகம் கேட்பது வேதபாடத்தைப் பற்றியன்று. வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது என்பதே அவர்களது கேள்வி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, அவரவர் வீட்டில் பாடி அனுப்பியவற்றை ஒன்றாகக் கோத்துப் பழகியவர்கள் அவர்கள். கதவுகள் திறந்த பின்னும் அந்த ஆசை தணியவில்லை. இறையியல் படித்தவனிடம் இதைக் கேட்பானேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆயினும் இக்கேள்விக்குள் பணமும் மனச்சாட்சியும் முதியோரின் குரலும் அடங்கியிருக்கின்றன. ஆகவே என் கருத்தை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சாதாரணக் கணினி இருந்தால் ஆடாசிட்டியில் தொடங்குங்கள். கைப்பேசி மட்டுமே இருந்தால் பேண்ட்லேப் போதும். ஆப்பிள் நிறுவனத்தின் கருவி இருந்தால் அதற்கென்றே உள்ள கராஜ்பேண்டைப் பயன்படுத்துங்கள். இம்மூன்றில் எதைத் தொடங்குவதற்கும் காசு வேண்டியதில்லை.

இவ்வளவு எளிதாகக் கிடைத்தும், பெரிய ஒலிப்பதிவுக்கூடங்கள் பயன்படுத்தும் விலையுயர்ந்த மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பை யாரோ பென்டிரைவில் கொடுத்தார்கள் என்று நிறுவிக்கொள்ளும் வழக்கம் நம் பிள்ளைகளிடையே இருக்கிறது. துதிப்பாடலைப் பதிவு செய்வதற்குத் திருட்டு மென்பொருளா? களவைத் தடுக்கும் கட்டளையை நம்மில் சில சபையார் எட்டாவதாக எண்ணுகிறோம். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஏழாவதாக எண்ணுகிறார்கள். எண்ணில்தான் வேறுபாடு. பூட்டுடைத்த மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வீட்டுக்குள் வரலாம் என்பது வேறு கதை. ஆடாசிட்டியோ குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியாவது. அதை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றமன்று. கொடுக்கலாம் என்று உரிமமே சொல்கிறது. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கிய பணி அது. 2000ஆம் ஆண்டில் பொதுவில் வெளியானது.

அதன் முகம் அழகானதன்று. ஆனால் புதியவருக்கு வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு ஓடும். குரல் அலையாகத் திரையில் எழும். வேண்டாத பகுதியைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். நம் ஊர் வீடுகளுக்கு ஏற்ற வசதி ஒன்றும் அதில் உண்டு. பாடத் தொடங்குமுன் ஐந்து விநாடி மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தில் ஒலிக்கும் மின்விசிறியின் இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், பதிவு முழுவதிலும் அதே இரைச்சலை அது குறைத்துத் தரும். மிகுதியாகக் குறைத்தால் பாடுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். ஆகவே முடிந்தால் அந்த நான்கு நிமிடம் விசிறியை நிறுத்திவிட்டு வியர்ப்பதே மேல்.

கீபோர்டு வாசிப்பவருக்கு ஆடாசிட்டி போதாது. மென்பொருளுக்குள்ளேயே வயலினும் தபலாவும் வேண்டும் என்பவருக்குக் கராஜ்பேண்ட் பொருந்தும். அதில் செய்த வேலையைப் பின்னாளில் லாஜிக் புரோவில் திறந்து தொடரவும் முடியும். விண்டோஸ் கணினியில் வளர விரும்புகிறவர் ரீப்பரைப் பார்க்கலாம். 60 நாள் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். தனிநபர் உரிமம் 60 டாலர். அதற்குப் பழக நாளாகும் என்பதால் முதல் மாதத்தில் வேண்டாம் என்பேன்.

“ஏ.ஆர். ரஹ்மான் வீட்டில்தானே தொடங்கினார்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே, தந்தையை இழந்த சிறுவயது முதல், பிறருடைய இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர் அவர். கருவி வருமுன் காது தயாராயிருந்தது. கடன் வாங்கிக் கருவி சேர்க்கும் தம்பிமார் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மென்பொருளில் மிச்சமாகும் பணத்தை மைக்கிற்குச் செலவிடுங்கள். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகையே நமக்கு உகந்தது. கண்டென்சர் மைக் நுட்பமானது. ஆனால் தெருவில் போகும் மோட்டார் சைக்கிளையும் காக்கையையும் சேர்த்தே பதிவு செய்யும். பெரும்பாலும் அதற்கு 48 வோல்ட் மின்னூட்டம் தரும் இன்டர்பேஸும் வேண்டும். கடற்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது. வாங்கினால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் முற்றமும் கண்ணுக்கு அழகு, பதிவிலோ எதிரொலி. மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சிறிய அறையே நல்ல ஸ்டுடியோ. பாடும்போது அளவுகாட்டி பூஜ்யத்தைத் தொடக்கூடாது. உச்சக் குரல் கழித்தல் 12க்கும் 6க்கும் இடையே நின்றால் போதும். ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே இன்னொன்று பாடுகிறவர் வயருள்ள ஹெட்போனையே போடட்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வந்து தாளம் பிசகும்.

இன்னொரு எச்சரிக்கை. 2017இன் இறுதியில் கிப்சன் நிறுவனம் கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் அதிலேயே வேலை செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். 2018இல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டது; நல்லதாயிற்று. எல்லா மென்பொருளுக்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாகவும் சேமியுங்கள். ஒற்றை மைக்கில் பதிவான குரலுக்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 எம்பி இடம் பிடிக்கும். இன்றைய கணினிக்கு அது பெரிதன்று.

இவ்வளவும் எதற்காக? நம் செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கும் நகரின் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி மையத்திலும் காக்கப்பட்டுவரும் சைவ ஓலைச்சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுத்தைக் காக்கத் தெரிந்த ஊர் இது. குரலை யார் காப்பது? நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். ஆனால் மூன்றாம் அடியில் உங்கள் பாட்டி எங்கே நிறுத்தி எங்கே குழைப்பார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாலாட்டும் அப்படியே, கும்மியும் அப்படியே. அவருக்கு எண்பது வயதிருக்கலாம். எந்த மென்பொருள் சிறந்தது என்று நீங்கள் ஆறு மாதம் காணொளி பார்த்துக்கொண்டிருக்க அவருடைய மூச்சு இடம் கொடுக்குமா?

இந்த வாரமே ஒரு மாலையில் அவரை அறையில் உட்கார வையுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பாடுவதற்கு முன் அவர் பெயரையும் ஊரையும் அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தவறினால் வெட்ட வேண்டாம். நடுவே சிரித்தால் அதுவும் இருக்கட்டும். கோப்புக்குத் தேதியையும் பெயரையும் இடுங்கள். வேவ் பிரதி இரண்டு இடங்களில் இருக்கட்டும்; எம்பி3 பிரதி ஒன்றைப் பிரான்சில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அன்றிரவே அனுப்பிவிடுங்கள்.