இரவலும் கடனும்

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்து ஆங்கிலப் பேச்சு வகுப்புகளில் மாணவரைத் தடுமாற வைக்கும் வினைகள் 'பாரோ', 'லெண்ட்'. பேனா கேட்பவர் 'பாரோ மீ யுவர் பென்' என்பார். பழி உடனே தமிழின்மேல் விழும்: இரண்டுக்கும் நம்மிடம் 'கடன்' என்ற ஒரே சொல்தானே என்று. இதை நாம் ஏற்பதற்கில்லை. பெறுவது 'பாரோ', தருவது 'லெண்ட்'; அந்தத் திசையைத் தமிழில் 'வாங்கு', 'கொடு' என்ற வினைகளே சொல்லிவிடுகின்றன. ஜெர்மானியரோ 'லைஹென்' என்ற ஒரே வினையை இரு திசைக்கும் வைத்துக்கொண்டு சுகமாகவே இருக்கிறார்கள்.

தமிழ் பார்ப்பது வேறொன்றை: திரும்பி வரவேண்டியது எது? புத்தகம் இரவல், கொடுத்த அதே பிரதி வரவேண்டும் (வருவதில்லை என்பது வேறு கதை). பணம் கைமாற்று, அதே நோட்டு வரவேண்டியதில்லை. அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்புவதற்குக் குறியெதிர்ப்பை என்று பழைய பெயர். பரிசிலோடு வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், அவ்வாறு உதவியவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்வது புறநானூற்றின் 163ஆம் பாட்டு. வள்ளுவரோ வறியவர்க்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையது என்று ஒதுக்கிவிடுகிறார். ஆங்கிலத்தில் வாங்குபவர் பக்கம் இவை மூன்றுமே 'பாரோ'தான்.

ஆகவே ஆசிரியர்கள் 'கடன்' என்ற பெயரை மட்டும் மனனம் செய்யவைப்பதை விட்டுவிடலாம். 'இரவல் வாங்கு', 'இரவல் கொடு' என்று வினையோடு சேர்த்தே பலகையில் எழுதட்டும். பேனாவை யாரும் கடனாகக் கேட்பதில்லை.