பந்தியில் வஞ்சனை கூடாது!

பந்தியில் உட்கார்ந்தவர் எல்லாரும் ஒன்றே. ஓர் இலைக்கு நெய்யும் பாயசமும், அடுத்த இலைக்கு வெறும் சோறும் என்று பரிமாறினால், அதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். அதைப் பெரிய குற்றமாகத் தமிழ் மக்கள் கருதினார்கள்.

இந்தக் குற்றம் கலியாண வீட்டோடு நிற்பதில்லை. காசு கொடுத்துச் சாப்பிடும் ஓட்டலிலும் நடக்கிறது. அமெரிக்க நகரங்களில் பெருகியிருக்கும் 'தாப்பாஸ்' ஓட்டல்களைப் பற்றிப் பலர் சொல்லும் குறை இதுதான். "சாப்பாடு ருசி. ஆனால் கவனிப்புத்தான் ஒரே மாதிரி இல்லை" என்கிறார்கள்.

அது என்ன தாப்பாஸ்?

மூடியே தீனி ஆனது

தாப்பாஸ், ஸ்பெயின் நாட்டு வழக்கம். ஸ்பானிய மொழியில் 'தாப்பா' என்றால் மூடி. அந்தக் காலத்தில் மதுக் கிண்ணத்தில் ஈ விழாமல் இருக்க, அதன்மேல் ஒரு ரொட்டித் துண்டையோ இறைச்சித் துண்டையோ வைத்து மூடினார்களாம். குடிக்க வந்தவர் மூடியையும் சேர்த்துத் தின்றார். மூடியின் பெயரே தீனிக்கும் வந்துவிட்டது என்று கதை சொல்வார்கள்.

இன்று தாப்பாஸ் என்றால் சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் பலகாரம். வறுத்த உருளைக்கிழங்கின் மேல் காரக் குழம்பு. பூண்டு போட்டு எண்ணெயில் வதக்கிய இறால். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட தடித்த அடை. ஆளுக்கு ஒரு தட்டு என்ற கணக்குக் கிடையாது. தட்டை நடுவில் வைத்து, எல்லாரும் பகிர்ந்து உண்பார்கள்.

ஸ்பெயினில் இதை நின்றுகொண்டே சாப்பிடுவது பழைய வழக்கம். கிரனாடா நகரில் ஒரு பானம் வாங்கினால், ஒரு சிறு தட்டு தீனி இலவசமாக வரும். சான் செபஸ்தியன் நகரில் குச்சி குத்திய சிறு பலகாரங்களைக் கவுண்டரின் மேல் பரப்பி வைப்பார்கள். வந்தவர் தாமே எடுத்துத் தின்பார். கடைசியில் எத்தனை தின்றோம் என்று சொல்லிப் பணம் கொடுப்பார். சில கடைகளில் தட்டில் மிஞ்சிய குச்சிகளை எண்ணுவதும் உண்டு. செவில் நகரில் 1670-ல் தொடங்கிய பழைய கடை ஒன்றில், வாடிக்கைக்காரரின் கணக்கைக் கவுண்டர் பலகையிலேயே சாக்கட்டியால் எழுதுகிறார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு எதிரில் நிற்கும் அத்தனை முகமும் தெரியும். யார் முதலில் வந்தார், யார் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். நம்பிக்கையும் நேர்பார்வையும் சேர்ந்து அங்கே முறையைக் காப்பாற்றுகின்றன.

கலப்பு குற்றமா?

இந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போனதும் உருமாறியது. கவுண்டர் போய், மேஜை நாற்காலி வந்தது. ஸ்பானியப் பலகாரத்தோடு ஜப்பான், கொரியா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் ருசியும் கலந்தது. இறாலுக்குக் கொரிய மிளகாய் விழுது. ரொட்டித் துண்டின்மேல் ஜப்பானிய முறையில் பச்சை மீன்.

"இது கலப்படம்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது தேவையற்ற கோபம். ஸ்பெயினின் அடையில் இருக்கும் உருளைக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து போனதுதான். அந்தக் காரக் குழம்பின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கே. 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் இவை ஐரோப்பாவின் அடுப்புக்கு வந்தன. அடுப்பில் கலப்பு நடப்பது உலக வழக்கம். ஆகவே குறை சட்டியில் இல்லை. பரிமாறுவதில் இருக்கிறது.

நடை இரண்டு மடங்கு

சாதாரண ஓட்டலில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு தட்டு வரும். தாப்பாஸ் ஓட்டலில் அதே நாலு பேருக்கு எட்டுத் தட்டு, பத்துத் தட்டு வேண்டும். அவை ஒரே நேரத்தில் வருவதில்லை. பொரிப்பது ஓர் அடுப்பு, சுடுவது ஓர் அடுப்பு. எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். மேஜையோ சிறியது. காலித் தட்டை எடுத்தால்தான் அடுத்த தட்டுக்கு இடம் கிடைக்கும்.

ஆக, சர்வருக்கு நடை இரண்டு மடங்கு. இதை எண்ணிப் பார்க்காமல், முதலாளி பழைய கணக்கிலேயே ஆள் வைத்தால் என்ன ஆகும்? ஒரு மேஜையில் ஐந்து தட்டு குவிந்து ஆறிப்போகும். பக்கத்து மேஜையில் குழந்தை தண்ணீர் கேட்டு அழும். நாலு பேர் இருக்கும் மேஜைக்கு மூன்று உருண்டை வைத்த தட்டு வரும். நாலாவது ஆள் கையைப் பிசைவார்.

அப்போது திட்டு வாங்குவது யார்? சர்வர்தான். ஆள் குறைத்த முதலாளி கண்ணில் படுவதில்லை.

இனாமை நம்பிய பிழைப்பு

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, இனாம் கிடைக்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் இந்தத் தொகை உயரவில்லை. மற்றத் தொழிலாளிகளுக்கு அந்தச் சட்டம் வகுத்த குறைந்த கூலி 7.25 டாலர். மீதியை வாடிக்கைக்காரர் தரும் இனாமில் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். இனாம் போதாவிட்டால் மட்டும் முதலாளி நிரப்ப வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த முறையை ஏற்காமல், முழுக் கூலியும் முதலாளியே தரவேண்டும் என்று விதித்திருக்கின்றன.

இனாமை நம்பி வாழ்பவரின் கண் எங்கே போகும்? தாராளமாகக் கொடுப்பார் என்று தோன்றும் மேஜைக்குத்தான் போகும். எளிய உடை உடுத்திய குடும்பம் காத்திருக்கும். மனிதரைத் தோற்றத்தால் எடை போடும் பழக்கத்தைக் கூலி முறையே வளர்த்துவிடுகிறது.

இது அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது. அதே அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1-ந் தேதி கறுப்பின மாணவர்கள் நாலு பேர் ஒரு கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டுமே அங்கே பரிமாறுவார்கள். காப்பி தர மறுத்தார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. கடை மூடும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மேலும் பலர் வந்தார்கள். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலை மாதத்தில் அந்தக் கவுண்டர் எல்லாருக்கும் திறந்தது. உணவு விடுதிகளில் நிற வேற்றுமை கூடாது என்று 1964-ல் சட்டமும் வந்தது.

ஒரு கோப்பைக் காப்பிக்காக அவர்கள் போராடவில்லை. "நாங்களும் மனிதர்கள்" என்று சொல்லத்தான் உட்கார்ந்தார்கள். வேலை நெருக்கடியால் வரும் தாமதமும், நிறத்தைப் பார்த்து மறுப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் கவனிக்கப்படாமல் உட்கார்ந்திருப்பவரின் மனம் வேகத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாளிகள் தட்டுக்கு ஏற்ப ஆள் வைக்க வேண்டும். இனாமை நம்பவிடாமல் நியாயமான கூலி கொடுக்க வேண்டும். "தட்டுகள் முன்பின்னாக வரும்" என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நாலு பேருக்கு நாலு உருண்டை வைப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

சாப்பிட வருபவர்களுக்கும் கடமை உண்டு. பத்துத் தட்டையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. மூன்று மூன்றாகக் கேட்டால் சூடாகவும் வரும், மேஜையும் கொள்ளும். குறை இருந்தால் பொறுப்பாளரிடம் பொறுமையாகச் சொல்லலாம். ஓடி ஓடிக் கால் வலிக்கும் சர்வர்மேல் எரிந்து விழுவதால் இறால் சீக்கிரம் வேகாது.

தட்டு சின்னதாக இருக்கலாம். அதைப் பரிமாறும் மனம் சின்னதாக இருக்கக் கூடாது.